எட்டு மாச நாட்டு நாய்: தாவுறான், பறிக்கிறான், கதவு திறந்தா ஓடுறான். நிதானம் பழக்குனவங்க வழி சொல்லுங்க

மணியம்மா (மதுரை) | ஜூன் 8, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். எங்க மணிக்கு எட்டு மாசம் ஆச்சு. போன ஐப்பசி மழையில சாக்கடை ஓரமா நடுங்கிக்கிட்டு கிடந்த குட்டியை என் பொண்ணு பாவாடையில சுத்தித் தூக்கிட்டு வந்தா. இப்போ பதினாலு கிலோ. அன்பான புள்ளை, ஒருத்தரையும் கடிச்சதில்லை. ஆனா நிதானம் துளியும் கிடையாது.

காலைல அஞ்சரைக்குக் கோலம் போட நான் வாசக்கதவைத் திறக்கும்போது, காலுக்கு நடுவுல புகுந்து ஓடிடுறான். தெரு முனையில பஸ் ரோடு. போன வாரம் ஒரு டவுன் பஸ் பிரேக் அடிச்சு நின்ன சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகல. அப்புறம், யார் வந்தாலும் மேல தாவுறான். மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்தான் ஆகுது. அவங்க ஹாலுக்கு வரவே பயப்படுறாங்க. சாப்பாட்டு நேரம் அதைவிட மோசம். நாங்க தரையில உக்காந்து சாப்பிடுறவங்க, தட்டுல இருந்தே பறிச்சுக்கிறான். மாமனார் அவனுக்கு ஒரு வாய் போடாம சாப்பிட மாட்டார், அதை யாராலயும் மாத்த முடியல.

ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட்டோம். முதல் நாளே முள்ளு வச்ச சங்கிலியைக் கழுத்துல போட்டு இழுத்தார். மணி நின்ன இடத்துலயே மூத்திரம் விட்டுட்டான். பொண்ணு அன்னிக்குச் சாப்பிடவே இல்ல. மறுநாள் வரவேண்டாம்னு சொல்லிட்டோம். அடிக்காம, பயமுறுத்தாம இவனுக்குப் பொறுமை கத்துக்கொடுக்க முடியுமா?

மொட்டைமாடி (வேளச்சேரி) | ஜூன் 8, இரவு 10.50

முடியும் அக்கா. ஆனா பழக்குறதுக்கு மாசக்கணக்கு ஆகும், பஸ் நாளைக்குக் காலைலயே வரும். அதனால முதல் வேலையா வாசக்கதவுக்கு உள்பக்கம், குழந்தைங்களுக்குப் போடுற தடுப்புக் கேட் ஒண்ணு மாட்டுங்க. அது வர்ற வரைக்கும் கோலம் போடுற நேரத்துல அவனை ஜன்னல் கம்பியில கட்டிட்டுப் போங்க. எங்க லேப்ரடார் நாய் குட்டியா இருந்தப்போ லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ள இருக்கிறவங்க மேல பாய்வான். அதுக்கு நாங்க ஆறு மாசம் படிக்கட்டுலதான் ஏறி இறங்கினோம். தப்பு செய்ய வாய்ப்பே கொடுக்காம இருக்கிறது பயிற்சியில பாதி.

சிப்பிப்பாறைக்காரர் (கோவில்பட்டி) | ஜூன் 9, காலை 6.05

தங்கச்சி, நாப்பது வருசமா நாய் வளக்கேன். வேட்டை நாய் வம்சம். நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்துட்டிய. வீட்டுக்கு எசமான் யாருன்னு நாய்க்குத் தெரியணும், இல்லைன்னா அது நம்ம தலையில ஏறி உக்காந்துரும். பேப்பரைச் சுருட்டி மூஞ்சியில ரெண்டு தட்டு, ஒரு அதட்டு. ஒரு வாரத்துல சரியாயிரும். முள்ளுச் சங்கிலி வேண்டாம், அது பாவம்.

நாலுகால்தோழி (கோவை) | ஜூன் 9, மதியம் 2.30

மணியம்மாங்க, நாய் பழக்குறது என் தொழிலுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

நீங்க சொன்ன எல்லாமே ஒரே பிரச்சனைதானுங்க. மணிக்கு இதுவரைக்கும் எல்லாம் பாஞ்சுதான் கிடைச்சிருக்கு. பாஞ்சா தெரு, பாஞ்சா ஆளுங்க கவனம், பாஞ்சா தோசை. காத்திருந்தாலும் கிடைக்கும்னு அவனுக்கு யாரும் காட்டலீங்க. அதை முதல்ல உங்க கையில இருந்து காட்டணும்.

உப்புப் போடாம வேகவச்ச கோழியைப் பட்டாணியில பாதி அளவுக்கு நறுக்கிக்கோங்க. நாலஞ்சு துண்டை உள்ளங்கையில வச்சு மூடி, அவன் மூக்குக்கு நேரா நீட்டுங்க. நக்குவான், பிறாண்டுவான், மூக்கால முட்டுவான். ஒரு வார்த்தையும் பேசாதீங்க, கையையும் இழுக்காதீங்க. அலுத்துப்போய் ஒரு நொடி முகத்தைப் பின்னால எடுப்பான் பாருங்க, அப்போ கையை விரிங்க. திரும்பப் பாஞ்சா மூடிக்கோங்க. விரிஞ்ச கையைப் பாத்துக்கிட்டே ரெண்டு நொடி சும்மா இருந்தான்னா, இன்னொரு கையால ஒரு துண்டை எடுத்து அவன் வாய்க்குக் கொண்டு போங்க. அவ்வளவுதான் விளையாட்டு. ஒரு தடவைக்கு ரெண்டு மூணு நிமிசம், ஒரு நாளைக்கு மூணு தடவை. கனடாவுல சூசன் காரெட்னு ஒரு பயிற்சியாளர் இதைப் பரப்புனாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நாய்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் இதுதானுங்க. ஏன்னா நீங்க அவனைத் தடுக்கிறதில்லை, விலகுறது அவனே எடுக்கிற முடிவு.

கையில வந்ததும் தரையில வச்சுப் பழக்குங்க. பாய வந்தா உங்க பாதத்தால மூடிக்கலாம். அப்புறம் தட்டுல. அவன் தப்பாம பின்வாங்குறான்னு தெரிஞ்ச பிறகுதான் "விடு"ங்கிற வார்த்தையைச் சேக்கணும். ஒரு கண்டிசன் இருக்குங்க: "விடு"ன்னு சொன்ன பண்டத்தை அவனுக்குக் கடைசியில கொடுக்கவே கூடாது, வேற ஒண்ணுதான் கொடுக்கணும். நாளைக்கு நடுரோட்டுல கோழி எலும்பையோ, வீட்டுல கீழ விழுந்த பிரசர் மாத்திரையையோ அவன் விடணும்னா இந்த நேர்மை வேணும்.

வாசலுக்கு வாங்க. நேரா வாசக்கதவுல ஆரம்பிக்காதீங்க, படுக்கையறைக் கதவுல ஆரம்பிங்க. கயிறு போட்டுக்கோங்க. உக்காந்தான்னா உங்க கை தாழ்ப்பாளுக்குப் போகும், எந்திரிச்சா கை கீழ இறங்கும். தாழ்ப்பாள் சத்தம், ஒரு விரக்கட அளவு திறப்பு, அரைக்கதவு, முழுக்கதவுன்னு போகணும். ஒவ்வொண்ணுலயும் எந்திரிச்சா கதவு மெதுவா மூடிக்கும். திட்ட வேண்டியதே இல்லீங்க, கதவே பாடம் சொல்லிரும். "போலாம்"னு நீங்க சொன்னா மட்டும் வெளிய போகலாம். அவன் கேட்ட வெளியுலகமே இங்க பரிசு. வீட்டுப்பாடம் முடிச்சா விளையாடப் போலாம்னு நம்ம குழந்தைங்ககிட்டச் சொல்றோமல்லங்க, அதைத்தான் டேவிட் பிரீமாக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1959-ல ஆய்வுக் கட்டுரையா எழுதினார்.

தாவுறதுக்கு: முழங்கால்ல இடிக்கிறது, நெஞ்சுல தள்ளுறது எல்லாமே அவனுக்கு மல்யுத்தம் மாதிரி சந்தோசமா இருக்கும். அவனைக் கயிறால ஜன்னல் கம்பியில கட்டிட்டு, கயிறு எட்டாத தூரத்துல மாமியாரை நாற்காலியில உக்கார வைங்க. நாலு காலும் தரையில இருக்கிற வரைக்கும் அவங்க கிட்ட வரலாம், பேசலாம். முன்னங்கால் தூக்கினா திரும்பிப் போயிரட்டும். கோழித்துண்டை எப்பவும் தரையில போடச் சொல்லுங்க. நல்லது கீழதான் விழும்னு தெரிஞ்சா தலை தானா கீழ வரும். அவங்க எழுந்து நடக்கிற நேரத்துல கட்டு இல்லாம இந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாங்க.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு கோணிச்சாக்கு. சாப்பிடறதுக்கு முன்னால பத்து நிமிசம், சாக்கு மேல நாலு காலும் இருந்தா துண்டு விழும், இறங்கினா விழாது. மாமனாரைத் தடுக்காதீங்க. பெரியவர் ஆசையை நிறுத்தச் சொல்லி எந்த வீட்டிலயும் நடந்ததில்லை, அவர் ஆசைக்கு ஒரு முறை வச்சுக்கொடுங்க. அவர் போடுற அந்த ஒரு வாய், தட்டுல இருந்து கையால வேண்டாம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவரே எடுத்துட்டுப் போய் சாக்கு மேல இருக்கிற கிண்ணத்துல வைக்கட்டும். பத்துல ஒரு நாள் தட்டுல இருந்து போட்டாலும் அவன் பத்து நாளும் காத்துக்கிட்டிருப்பான். எப்பவாவது கிடைக்கிறதுக்குத்தான் பழக்கத்தைப் பிடிச்சு நிறுத்துற பலம் ஜாஸ்தி.

கடைசியா தூக்கம். இந்த வயசுல ஒரு நாளைக்குப் பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல தூங்கக்கூட ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெறி பிடிச்ச மாதிரி ஹால்ல சுத்துறான்னா, பாதி நாள் அது தூக்கக் கலக்கம்தானுங்க.

வெட்_தஞ்சை | ஜூன் 9, இரவு 9.10

கால்நடை மருத்துவர் என்ற முறையில் சில வார்த்தைகள். ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை நாய்க்கு வளரிளம் பருவம். நேற்று வரை கேட்ட சொல்லை இன்று கேட்காது. இது பலரும் மனம் தளர்ந்து நாயைத் தெருவில் விடும் வயது. தயவுசெய்து கடந்துவிடுங்கள்.

மாமனார் போடும் அந்த ஒரு வாய் என்ன என்பது முக்கியம். வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சாம்பார் சாதமும் குழம்பு சாதமும் கூடாது. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். வெறும் சாதம், தாளிக்காத தயிர், வேகவைத்த கேரட், முட்டை என்றால் பயமில்லை. பயிற்சித் தீனியும் சேர்த்து, நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப் போகக் கூடாது.

பறித்துத் தின்னும் நாய்க்குக் குடற்புழு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கருத்தடை செய்தால் மரியாதை தானாக வந்துவிடும் என்று நினைத்துப் பலர் என்னிடம் வருகிறார்கள். அதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு; தாவுவது அதனால் நிற்காது. வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக் கூடாது. தாவும்போது பல்லோ நகமோ கீறி இரத்தம் வந்தால், வீட்டு நாய்தானே என்று விடாமல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கோவில்பட்டி ஐயாவுக்கு ஒரு சொல். "எசமான் யார் என்று காட்டு" என்னும் எண்ணத்தின் வேர், 1947-ல் ருடால்ஃப் ஷென்கெல் எழுதிய ஓநாய் ஆய்வு. அவர் பார்த்தது சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களை. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், அவற்றின் குட்டிகள்; அதாவது ஒரு குடும்பம் என்று, பல ஆண்டுகள் காட்டிலேயே ஓநாய்களைக் கவனித்த டேவிட் மெக் 1999-ல் விளக்கிவிட்டார். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர் சங்கமும் 2021-ல், எந்த நாய்க்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையே வேண்டும் என்று அறிக்கை தந்தது. மணி உங்கள் தலைமேல் ஏறப் பார்க்கவில்லை. தோசையை எடுக்கப் பார்க்கிறான்.

சிப்பிப்பாறைக்காரர் (கோவில்பட்டி) | ஜூன் 9, இரவு 9.45

டாக்டர் சொல்லுதத நான் மறுக்கல. ஆனா உறுமுற நாயையும் கோழித்துண்டு குடுத்துக் கொஞ்சுவியளா? அதுக்கு அடி குடுத்துத்தான ஆகணும்.

நாலுகால்தோழி (கோவை) | ஜூன் 9, இரவு 10.20

இல்லீங்க ஐயா, உறுமலுக்கு அடிக்கவே கூடாது. உறுமல்ங்கிறது "பக்கத்துல வராத, எனக்குப் பயமா இருக்கு"ன்னு அது வாயைத் திறந்து சொல்றது. அடிச்சா பயம் போகாது, சொல்றது மட்டும் நின்னுரும். அப்புறம் ஒரு நாள் சொல்லாமயே கடிக்கும். உறுமினா நாம விலகிக்கிட்டு, எதுக்கு உறுமுச்சுன்னு யோசிக்கணும்.

சிப்பிப்பாறைக்காரர் (கோவில்பட்டி) | ஜூன் 11, காலை 5.50

ரெண்டு நாளா இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். பதினஞ்சு வருசத்துக்கு முந்தி எங்கிட்ட ஒரு கருப்பு ஆண் நாய் இருந்துச்சு. என் மகன் அது சோத்துச் சட்டிப் பக்கம் போனா உறுமும். உறுமும்போதெல்லாம் அடிச்சேன். உறுமல் நின்னு போச்சு, திருத்திட்டேன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். ஆறு மாசங்கழிச்சு ஒரு சத்தமும் இல்லாம பிள்ளை கன்னத்தைக் கடிச்சிருச்சு. தையல் போட்டாவ. அந்த நாயை நான் வேற ஊருக்குக் குடுத்தனுப்பிட்டேன். தப்பு அதுமேலன்னே இத்தனை வருசம் நினைச்சிருந்தேன். தங்கச்சி, பேப்பர் சுருட்டுனதை விட்டுருங்க. இவங்க சொல்லுதபடி செய்யுங்க.

நாலுகால்தோழி (கோவை) | ஜூன் 11, காலை 8.00

ஐயா, இதை இங்க எழுதினதுக்கு நன்றிங்க. எத்தனையோ வீட்டுக் குழந்தைங்களுக்கு இது உதவும்.

மணியம்மா (மதுரை) | ஜூன் 20, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. கேட் மாட்டியாச்சு. கை விளையாட்டு மூணே நாள்ல புரிஞ்சிடுச்சு, பொண்ணுதான் சொல்லிக்கொடுத்தா. புழுவுக்கு மருந்தும் கொடுத்தாச்சு. ஆனா சாப்பாட்டு நேரம் முன்னைவிட மோசமா போச்சு. தட்டுல இருந்து போடுறதை மாமனார் நிறுத்தி அஞ்சு நாள் ஆகுது. முன்னாடி பறிப்பான், இப்போ குரைக்கிறான், தட்டை முன்னங்காலால இழுக்கிறான். நேத்து மாமனார் மனசு கேக்காம ஒரு துண்டு போட்டுட்டார். நாங்க எங்க தப்பு செய்யுறோம்?

வெட்_தஞ்சை | ஜூன் 20, இரவு 10.00

தப்பில்லை. கரண்ட் போனதும் நாம் என்ன செய்கிறோம்? விளக்கு எரியவில்லை என்று ஸ்விட்சை நான்கைந்து முறை வேகமாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறோம். இத்தனை நாள் வேலை செய்த ஸ்விட்ச் இப்போது வேலை செய்யவில்லை என்பதால் மணியும் ஓங்கித் தட்டுகிறான். பழைய பழக்கம் போகும் முன் இப்படி ஒரு முறை பொங்கும். அந்த நேரத்தில் துண்டு போட்டால், "ஓங்கிக் குரைத்தால் கிடைக்கும்" என்ற புதுப் பாடத்தைக் கற்றுக்கொள்வான்.

மொட்டைமாடி (வேளச்சேரி) | ஜூன் 20, இரவு 10.25

ஒரு வாரத்துக்கு நீங்க சாப்பிடும்போது அவனைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டு, கடிக்கிறதுக்கு ஏதாவது கொடுங்க. ரப்பர் பொம்மைக்குள்ள தயிர்சாதம் அடைச்சு ஃப்ரீசர்ல வச்சுக் கொடுத்தா அரை மணி நேரம் நக்கிக்கிட்டு இருப்பான். உங்க மாமனாருக்கும் அந்த முகத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிடுற கஷ்டம் இருக்காது.

அப்புறம் ஒரு சந்தேகம். வீட்டுல எல்லாரும் ஒரே வார்த்தை சொல்றீங்களா? எங்க வீட்டுல நான் "உக்காரு", பையன் "சிட்", அம்மா "கீழ உக்காருடா தங்கம்". அவனுக்கு மூணும் மூணு சத்தம்.

மணியம்மா (மதுரை) | ஜூன் 21, காலை 7.10

நல்லவேளை கேட்டீங்க. நேத்து ராத்திரி எல்லாரையும் உக்கார வச்சுக் கேட்டேன். சாக்குக்குப் போகச் சொல்ல மாமனார் "பாய்"ங்கிறார், நான் "படு"ங்கிறேன், பொண்ணு "உன் இடம்"ங்கிறா. மாமியார் தாவும்போது "வேணாம், வேணாம்"னு கத்துறாங்க. அவன் அதை "வா"ன்னு நினைச்சுக்கிட்டு இன்னும் பக்கத்துல போறானோன்னு இப்போதான் தோணுது.

நாலுகால்தோழி (கோவை) | ஜூன் 21, காலை 9.40

அப்படித்தானுங்க இருக்கும். "வா"வும் "வேணாம்"மும் ஒரே மாதிரி தொடங்குது, அவன் முதல் சத்தத்துக்கே கிளம்பியிருப்பான். "விடு"வும் "வீடு"ம் அதே கதை. "வீட்டுக்குப் போலாம்"னு பழக்கியிருந்தா ஒண்ணை மாத்துங்க. "பாய்"னா விரிக்கிற பாயும் ஆகும், பாயச் சொல்றதும் ஆகும். மணிக்கு அர்த்தம் தெரியாது, ஆனா வீட்டுக்கு வர்ற ஆளுங்க திகைச்சுப் போயிருவாங்க. அஞ்சு வார்த்தை போதும்: உக்காரு, இடம், விடு, வா, போலாம். ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. "வேணாம்"ங்கிறதை மொத்தமா எடுத்துருங்க. செய்யக்கூடாததைச் சொல்றதைவிட, அந்த நேரத்துல என்ன செய்யணும்னு சொன்னா அவனுக்குப் பிடி கிடைக்கும்.

மணியம்மா (மதுரை) | ஆகஸ்ட் 3, இரவு 8.50

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். குரைச்சல் ஒன்பது நாள்ல நின்னுச்சு. இப்போ தட்டு சத்தம் கேட்டாலே சாக்குல போய்ப் படுத்துக்கிறான். எல்லாரும் எழுந்ததும் மாமனார் வெறும் சாதமும் தயிரும் எடுத்துட்டுப் போய் வைக்கிறார். அவன் உக்காந்து, அவர் முகத்தைப் பாத்த பிறகுதான் கிண்ணம் கீழ இறங்குது. அவரே அதைப் பழக்கிட்டார், நான் சொல்லிக்கூடக் கொடுக்கல.

மாமியார் ஹாலுக்கு வர்றாங்க. அவங்க கைத்தடி சத்தம் கேட்டா மணி தலையைத் தாழ்த்தித் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். விருந்தாளி வந்தா மட்டும் முதல் அஞ்சு நிமிஷம் கட்டித்தான் வைக்கிறோம். கூரியர் தம்பி மேல போன வாரம் தாவிட்டான், கயிறு போட மறந்தது நான்தான்.

வாசல் கதையைச் சொல்லணும். படுக்கையறைக் கதவுல ஒரு வாரம், கொல்லைக்கதவுல ரெண்டு வாரம். இன்னைக்கு ஆடிப்பெருக்கு, பெரிய கோலம். கயிறு நுனியை வாசல் கேட்டுல கட்டிட்டு, கதவை முழுசா திறந்து வச்சுத்தான் போட்டேன். நிலைப்படிக்கு உள்ள உக்காந்திருந்தான். பால்காரர் சைக்கிள் போச்சு, எதிர்வீட்டு ஆளுங்க வந்து போனாங்க. ரெண்டு தடவை எந்திரிச்சான், என்னைப் பாத்தான், உக்காந்துக்கிட்டான். கயிறு ஒரு தடவைகூட இறுகல. முடிச்சுட்டு "போலாம்"னு சொன்னேன். கோலத்து மேலயே ஓடி வந்து என் கையை நக்கினான். அழிஞ்ச இடத்தை நான் சரிபண்ணவே இல்ல.

ஆனா ஒண்ணு மட்டும் எதுக்கும் மசியல: பூனை. மதில்மேல பூனையைப் பாத்துட்டா உக்காரு, விடு, கோழி எதுவும் காதுல ஏறல. என்ன செய்ய?

சிப்பிப்பாறைக்காரர் (கோவில்பட்டி) | ஆகஸ்ட் 4, காலை 5.40

தங்கச்சி, இது எனக்குத் தெரிஞ்ச சமாச்சாரம். என் நாய்க மயிலைப் பாத்தாலும் முயலைப் பாத்தாலும் அப்படித்தான். வேட்டையெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட போச்சு, ஆனா ரத்தத்துல இருக்கதை சட்டம் எடுக்க முடியாதுல்ல. ஓட ஆரம்பிச்ச நாயைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்ல. ஓடுததுக்கு முந்தி ரெண்டு நொடி இருக்கு, அதைப் பிடிக்கணும். பூனையைப் பாத்ததும் காது நிமிரும், திறந்திருந்த வாய் மூடும், வால் ஆடாம நிக்கும், ஒரு முன்னங்கால் லேசா எந்திக்கும். அப்பக் கூப்பிடணும். திரும்பிப் பாத்தான்னா கோழியைக் கையில குடுக்காதிய, நீங்க எதிர்ப்பக்கம் ஓடி அதைத் தரையில உருட்டி விடுங்க. அவனுக்கு வேணும்ங்கிறது துரத்துத சொகம்; அதை உங்களைத் துரத்தித் தீத்துக்கிடட்டும்.

பூனைக்கு ரொம்பக் கிட்ட நின்னு பழக்காதிய. எந்தத் தூரத்துல உங்க சத்தம் இன்னும் காதுல விழுதோ அங்க நின்னு தொடங்கணும். பத்து மீட்டர் பருத்திக் கயிறு வாங்கிக்கிடுங்க, நைலான் கையை அறுத்துரும். கழுத்துப் பட்டையில கட்டாம, நெஞ்சைச் சுத்திப் போடுத ஹார்னஸ் வார்ல கட்டுங்க. ஓடுத வேகத்துல கயிறு முடிஞ்சா கழுத்துக்கு ஆபத்து. வெயில் ஏறுததுக்கு முந்தி முடிச்சுருங்க.

மணியம்மா (மதுரை) | ஆகஸ்ட் 4, இரவு 9.05

அண்ணே, கயிறு வாங்கியாச்சு. பக்கத்துல பள்ளிக்கூட மைதானம் இருக்கு, மதில்ல எப்பவும் ரெண்டு பூனை படுத்திருக்கும். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு, நாப்பது அடி தள்ளி நின்னு ஆரம்பிக்கிறோம். மாமனாரும் வர்றேன்னு சொல்லியிருக்கார், ஓடுறதுக்கு மட்டும் பொண்ணு.